மன்றக் கூடத்தில் ஒரு நினைவு நாள்: பேரூராட்சித் தீர்மானம் வாங்கிய அனுபவம்

அரசுக் கட்டடத்தில் ஒரு நினைவு நிகழ்ச்சி நடத்த வேண்டுமானால் வாடகையைக் கட்டி ரசீது வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சமுதாயக் கூடத்தில் காதுகுத்தோ வளைகாப்போ வைக்க அது போதும்தான். ஓர் ஊர் தன் வரலாற்றை நினைத்துப் பார்க்கும் நாளுக்கு அது போதாது. அதற்கு ஊர் தேர்ந்தெடுத்த மன்றம் கூடி, விவாதப் பொருளாக வைத்து, பேசி, தீர்மானம் போட வேண்டும். 2025 ஏப்ரல் 30 அன்று எங்கள் பேரூராட்சியின் மன்றக் கூடத்தில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தின் 95-ஆம் ஆண்டு நினைவை அப்படித்தான் நடத்தினோம். அந்தத் தீர்மானம் எங்கே நின்றது, எப்படி நகர்ந்தது என்பது இதுபோல் முயலும் மற்ற ஊர்க்காரர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் உரக்கடை. சாயங்காலங்களில் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருப்பேன். எங்கள் ஊர், கும்பகோணம் பக்கமிருந்து வேதாரண்யம் நோக்கி ராஜாஜி நடந்து போன பாதையில் இருக்கிறது.

அந்த நடை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1930 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக் நினைவு நாள். திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு ராஜாஜி புறப்பட்டார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று டெல்டாவின் குறுக்கே ஏறத்தாழ 150 மைல் நடந்து, ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி காலை அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார், கைதானார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இதில் முக்கியமான பகுதி வேறு என்று நான் நினைக்கிறேன்.

அன்றைய தஞ்சை மாவட்டக் கலெக்டர் ஜே.ஏ. தார்ன் ஓர் அறிவிப்பு கொடுத்தார். யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. துண்டறிக்கை அடித்தார்கள், பத்திரிகையில் போட்டார்கள், தண்டோராவும் போட்டார்கள். நெல் விளைகிற மாவட்டத்தில், வெயிலில் நடந்து வருகிறவனுக்கு ஒரு பிடி சோறு போடுவது குற்றம் என்று அரசாங்கம் சொன்னது. மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே சாப்பாடு போட்டுச் சிறைக்குப் போனார். திருத்துறைப்பூண்டியில் ராமச்சந்திர நாயுடு அதற்காகவே கைதானார். வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை எல்லாவற்றுக்கும் தூணாக நின்றார். போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்ய மறுத்த வைரப்பன் ஜெயிலுக்குப் போனார். இவர்கள் பெயராவது பதிவில் இருக்கிறது. மரத்தில் பொட்டலம் கட்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. அவர்களை நினைக்கத்தான் ஒரு நாள் வேண்டும் என்று வாசகர் வட்டத்தில் பேச்சு எழுந்தது.

எங்கே நடத்துவது என்ற கேள்விக்கு எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தடை போட்டது அரசாங்கம். ஊருக்குள் அதைச் சொல்லி நிறைவேற்றியதும் அரசாங்கத்தின் உள்ளூர் ஆட்கள்தான். அதை மீறியவர்களுக்கு மரியாதை செய்வதும் அரசுக் கட்டடத்துக்குள்தான் நடக்க வேண்டும், ஊர் மன்றத்தின் தீர்மானத்தோடு நடக்க வேண்டும். தனியார் மண்டபத்தில் நடத்தினால் அது வாசகர் வட்டத்தின் விழா, அவ்வளவுதான். செயல் அலுவலர் நல்ல மனதோடு, “சமுதாயக் கூடம் சும்மாத்தான் சார் கிடக்கு, வாடகையைக் கட்டிட்டு நடத்திக்குங்க, நான் எதுவும் சொல்ல மாட்டேன்” என்றார். அவர் சொன்ன வழி சுலபம். எங்களுக்கு வேண்டியது அது இல்லை என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

இந்த இடத்தில் முதல் பாடம். கட்டடம் யாருடையது என்று தெரியாமல் மனு எழுதாதீர்கள். எங்கள் ஊர்க் கோடியில் ஒரு பழைய சத்திரம் இருக்கிறது. யாத்திரைக்காரர்கள் அங்கே இளைப்பாறியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அங்கேயே நடத்தினால் எவ்வளவு பொருத்தம் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். ஆனால் தஞ்சை மராட்டிய மன்னர்கள் காலத்துச் சத்திரங்கள் பல, வருவாய்த் துறை மூலமாக மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அதில் பேரூராட்சி மன்றம் ஆயிரம் தீர்மானம் போட்டாலும் அது கோரிக்கைதான், அனுமதி ஆகாது. அதுவும் போக, உத்தரம் இற்றுப்போன கட்டடத்துக்குள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடம் என்றால் கல்வித் துறையைக் கேட்க வேண்டும். பயணியர் மாளிகை மாதிரி பொதுப்பணித் துறை கட்டடம் என்றால் அந்தத் துறையின் பொறியாளரை. கோயில் மண்டபம் என்றால் அறநிலையத் துறையை. உள்ளாட்சியின் சொந்தக் கட்டடம் எது என்பது அவர்களுடைய சொத்துப் பதிவேட்டில் இருக்கும். வரி வசூல் பிரிவில் இருக்கும் பழைய ஊழியரிடம் கேட்டால் பதிவேட்டைப் புரட்டாமலே சொல்லிவிடுவார். அப்படிக் கேட்டுத்தான் அலுவலகத்தின் மாடியில் இருக்கும் மன்றக் கூடத்தில் வந்து நின்றோம். அதைத் தர அதிகாரம் உள்ளவர்கள் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து பேசுகிறவர்கள்.

2024-ல் முதல் மனு கொடுத்தோம். மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. அந்த நிமிஷத்திலிருந்து தேர்தல் நடத்தை விதிகள். மன்றக் கூட்டம் இல்லை, புதுத் தீர்மானம் இல்லை. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்தாலும், ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை தாண்டித்தான் விதிகள் விலக்கப்பட்டன. எங்கள் ஏப்ரல் 30 நடுவில் மாட்டிக்கொண்டது. ஏப்ரல் மாதத்தில் நினைவு நாள் வைத்திருக்கும் யாரும் இதைக் கவனிக்க வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கும் ஏப்ரல் 6-ல்தான் வாக்குப்பதிவு. 2019 நாடாளுமன்றத் தேர்தலுக்கும் இங்கே ஏப்ரல் 18. உப்புச் சத்தியாகிரகம், அம்பேத்கர் பிறந்த நாள், பாரதிதாசன் பிறந்த நாள் எல்லாமே தேர்தல் மாதத்தில் வருகிறவை. அந்த மாதிரி ஆண்டுகளில் மாவட்டத் தேர்தல் அலுவலராக இருக்கும் ஆட்சியருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அரசியல் கட்சிக்காரர்கள் யாரும் மேடை ஏறமாட்டார்கள் என்பதை அந்த மனுவிலேயே எழுதிவிட வேண்டும். அந்த வருடம் நாங்கள் நூலகத்துக்கு வெளியே மரத்தடியில் சில பேர் உட்கார்ந்து படித்துவிட்டுக் கலைந்தோம்.

அடுத்த முறை பொங்கல் முடிந்த கையோடு மனு கொடுத்தோம். மன்றக் கூட்டத்துக்கான பொருள் பட்டியல் தயாராகி உறுப்பினர்களுக்கு அறிவிப்பு போய்விட்டால், அதற்குப் பிறகு வரும் மனு அடுத்த கூட்டத்துக்குத்தான். அடுத்த கூட்டம் எப்போது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே ஏப்ரல் நிகழ்ச்சிக்கு ஜனவரி மனு என்பது அதிகப்படியான முன்னெச்சரிக்கை இல்லை. மனுவைத் தலைவர் பெயருக்கும் செயல் அலுவலர் பெயருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். இரண்டிலும் முத்திரை வைத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். உங்கள் வார்டு உறுப்பினருக்கு ஒரு பிரதியை வீட்டுக்கே போய்க் கொடுங்கள். அலுவலகத்தில் பொருள் எழுதுகிற ஊழியர் ஒருவர் இருப்பார். உங்கள் மனுவிலிருந்துதான் அவர் அலுவலகக் குறிப்பு எழுத வேண்டும். மூன்று பக்கத்துக்கு வரலாறு எழுதிக் கொடுத்தால் அதை அவர் எப்படிச் சுருக்குவாரோ தெரியாது. சுருக்கத்தை நீங்களே எழுதி மேலே வைத்துவிடுங்கள்.

பொருள் முதல் கூட்டத்தில் ஒத்திவைக்கப்பட்டது. காரணத்தை விசாரித்தபோது, யாரும் யாத்திரைக்கு எதிரி இல்லை என்று தெரிந்தது. என் கடையில் பல வருஷமாக உரம் வாங்கும் ஓர் உறுப்பினர் நேராகவே சொன்னார்: “அண்ணே, உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு ஒரு சங்கம் அவங்க தலைவர் பொறந்தநாளுக்குக் கேக்கும். இல்லன்னு சொன்னா சண்டை. சரின்னு சொன்னா கூடம் நம்ம கூடமாவே இருக்காது. நீங்களே சொல்லுங்க, நாங்க என்ன பண்றது?”

அவர் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. டெல்டாவின் எந்த ஊரிலும் இந்தப் பயம் உண்மையானது. கூடத்தை ஒருவருக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் என்று பதில் சொல்ல வேண்டும். எங்களிடம் அப்போது பதில் இல்லை. உறுப்பினர்களை வீடு வீடாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண் உறுப்பினர்தான் வழி சொன்னார். அவர் வீட்டுத் திண்ணையில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. “நீங்க ஏன் கூடத்தைக் கேக்குறீங்க? கூடத்தைக் கேட்டா எல்லாரும் கேப்பாங்க. பேரூராட்சியே நடத்தணும்னு கேளுங்க. நாங்க நடத்துறோம், நீங்க வந்து ஒத்தாசை பண்ணுங்க. அப்ப யாருக்கும் கொடுத்த மாதிரி ஆகாதுல்ல?”

இந்த அனுபவத்தில் நான் கற்றது எல்லாவற்றையும் விட இதுதான் பெரியது. இடத்தைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியை மன்றத்தின் நிகழ்ச்சியாக ஏற்கச் சொல்லுங்கள். நாங்கள் தொடக்கத்திலிருந்து விரும்பியதும் அதுவேதான். பார்க்கப்போனால் மனுவின் வாசகம் மட்டும்தான் அதற்கு எதிராக இருந்தது: “வாசகர் வட்டத்துக்கு மன்றக் கூடத்தை ஒதுக்கித் தருமாறு” என்று எழுதியிருந்தது. அதை எடுத்துவிட்டு, “பேரூராட்சியின் சார்பில் நினைவு நிகழ்ச்சி நடத்துமாறு” என்று புது மனு எழுதினோம்.

தீர்மான வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்களுக்கு உதவி வந்த இடம் ரொம்பத் தூரம். வாசகர் வட்டத்தில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி இருக்கிறார், எந்த நாட்டு நாடாளுமன்ற நடைமுறையையும் ஆசையாகப் படிப்பார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலின் நடுவில், குவிமாடத்துக்குக் கீழே ரோட்டண்டா என்று ஒரு வட்டக் கூடம் இருக்கிறது. அதில் நினைவு நிகழ்ச்சி நடத்த இரண்டு அவைகளும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றுவது அங்கே வழக்கம். குடியரசுத் தலைவர் கையெழுத்து அதற்குத் தேவையில்லை, கட்டடம் அவைகளுடையது. இரண்டாம் உலகப் போரில் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவு நிகழ்ச்சிக்குப் பல வருடங்களில் இப்படிப் புதிதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். தம்பி அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். விஷயம் இரண்டே வாக்கியம். இன்ன தேதியில், இன்ன நினைவு நிகழ்ச்சிக்கு, ரோட்டண்டாவைப் பயன்படுத்த அனுமதி என்று ஒன்று. ஏற்பாடுகள் கட்டடத்துக்குப் பொறுப்பான அதிகாரி விதிக்கும் நிபந்தனைகளின்படி நடக்க வேண்டும் என்று இன்னொன்று. புகழுரை இல்லை. எந்த இடம், எந்த நாள், எதற்காக, யார் பொறுப்பு. உறுப்பினர்களிடம் காட்டியபோது அவர்களுக்கும் அது பிடித்திருந்தது, ஏனென்றால் அதில் பின்னால் சிக்கல் வருகிற மாதிரி எதுவும் இல்லை.

அதைப் பார்த்து நாங்கள் எழுதிக் கொடுத்த வரைவு, சின்னத் திருத்தங்களோடு தீர்மானமாக வந்தது. வேண்டுபவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

“1930-ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக யாத்திரையினருக்குத் தடையை மீறி உணவும் இடமும் அளித்த இப்பகுதி மக்களின் நினைவாக, 30.04.2025 அன்று காலை 7.00 மணி முதல் 9.00 மணி வரை பேரூராட்சி மன்றக் கூடத்தில் பேரூராட்சியின் சார்பில் நினைவு நிகழ்ச்சி நடத்தவும், ஏற்பாடுகளைச் செயல் அலுவலர் விதிக்கும் நிபந்தனைகளின்படி நூலக வாசகர் வட்டத்தின் உதவியுடன் மேற்கொள்ளவும் மன்றம் அனுமதிக்கிறது. இதனால் பேரூராட்சி நிதிக்குச் செலவினம் ஏதுமில்லை.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். உள்ளாட்சியில் ஒரு ரூபாய் செலவானாலும் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தலைவலி இருக்கிறது என்று தெரிந்தால் அலுவலகத்தில் பொருளே நகராது. சாப்பாடு, அழைப்பிதழ், நாற்காலி எல்லாம் நாங்கள் வட்டத்தில் வசூலித்துக்கொண்டோம். நேரத்தை எழுதியதும் யோசித்துத்தான். புதன்கிழமை, வேலை நாள். பத்து மணிக்கு மேல் வைத்தால் பிறப்புச் சான்றிதழுக்கும் சொத்து வரிக்கும் வருகிற மக்களுக்கு இடைஞ்சல். தவிர, வேதாரண்யத்தில் உப்பை அள்ளியதும் காலை வேளையில்தான். அன்றைக்கு அட்சய திருதியை வேறு. எட்டு மணிக்கு மேல் பாதி ஊர் நகைக்கடைக்கும் கல்யாணத்துக்கும் கிளம்பிவிடும் என்று பெண்கள் சொன்னது சரியாகவே இருந்தது.

“ஆண்டுதோறும்” என்று ஒரு வார்த்தையைச் சேர்க்கச் சிலர் வற்புறுத்தினார்கள். ஒரு தடவை வாங்கிவிட்டால் பிறகு அலைய வேண்டாமே என்பது அவர்கள் எண்ணம். நான் வேண்டாம் என்று சொன்னேன், இன்னும் அதையே சொல்வேன். ஒவ்வொரு வருடமும் மன்றம் கூடி அந்த வாசகத்தைப் படித்து ஒப்புக்கொள்வதே நினைவு நாளின் பாதி. நிரந்தர அனுமதி வாங்கிவிட்டால் அடுத்து வரும் மன்றத்துக்கு இது யாரோ எப்போதோ போட்ட உத்தரவு. நாலு வருஷத்தில் அந்தக் கோப்பு எங்கே என்று தேட வேண்டி வரும்.

பெயர்ப் பிரச்சினையைப் பற்றியும் எழுத வேண்டும். செய்தி ஊருக்குள் பரவியதும், எங்கள் தாத்தாதான் சோறு போட்டார், எங்கள் களத்தில்தான் சமைத்தார்கள் என்று பல குடும்பங்கள் வந்தன. ஒருவர் தன் முன்னோரின் பெரிய படத்தோடு வந்து, கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தீர்மானத்தில் ஒரு பெயர் ஏறினால் அது ஊரின் பதிவு ஆகிவிடும், விட்டுப்போன பெயரும் பதிவில் இல்லை என்று ஆகிவிடும். தவிர, இப்படிக் கேட்டு வந்தவர்கள் நிலம் வைத்திருந்த குடும்பத்துக்காரர்கள். பண்ணையில் வேலை செய்தவர்கள், சேரியிலிருந்து வந்து கிளையில் பொட்டலத்தைக் கட்டிவிட்டுப் போனவர்கள் இருந்திருந்தால், அவர்கள் பேரன் படத்தோடு வரமாட்டான். அவனிடம் படம் இருக்காது. அதனால்தான் “இப்பகுதி மக்கள்” என்பதற்கு மேல் ஒரு எழுத்துகூடச் சேர்க்கக் கூடாது என்று நின்றேன். சிலருக்கு வருத்தம்தான்.

படம் மாட்டுவதற்கு வேறு தடையும் உண்டு. அரசு அலுவலகங்களில் எந்தெந்தத் தலைவர்களின் படங்களை வைக்கலாம் என்பதற்கு அரசாணைப் பட்டியல் இருக்கிறது. அதைச் செயல் அலுவலரே எடுத்துச் சொன்னார், எங்கள் வேலை சுலபமானது. குடும்பங்கள் சொல்வதைக் கேட்க ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கி நூலகத்தில் வைத்தோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதத் தெரியாதவர் சொன்னால் வாசகர் வட்டத்தில் யாராவது எழுதிக்கொடுப்பார்கள். சொன்னவர் பெயர், யாரிடமிருந்து கேட்டது, எந்தத் தெரு, அவ்வளவுதான். மன்றத் தீர்மானத்துக்கு ஆதாரம் வேண்டும். இந்த நோட்டுக்கு நினைவு போதும். இரண்டையும் கலக்காமல் வைத்ததால்தான் ஒரு சண்டையும் வரவில்லை என்று நம்புகிறேன். இப்போது அந்த நோட்டில் எழுதியிருப்பவர்களில் பெண்கள் அதிகம். சமைத்துக் கட்டிக் கொடுத்தது பாட்டிகள்தானே.

செயல் அலுவலரின் நிபந்தனைகள் ஒரு பக்கத்தில் வந்தன: உள்ளே சமைக்கக் கூடாது, விளக்கைத் தவிர வேறு தீ கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கட்சிக் கொடியோ துண்டோ கூடாது, ஒலிபெருக்கி கூடத்துக்குள் மட்டும், ஒன்பதே முக்காலுக்குள் கூடத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும். எல்லாமே நியாயமானவை. நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக இருந்தால் அன்று காலையில் பூட்டைத் திறக்க வருகிற ஊழியருக்கு ஒன்றும் தெரியாது, அவர் யாருக்கோ போன் போட்டு நிற்பார். தீர்மான நகலை ஒரு வாரம் முன்பே வாங்கி, காவல் நிலையத்தில் ஒரு பிரதி கொடுத்துவிட்டோம். அழைப்பிதழ் வரைவையும் அச்சுக்குப் போகும் முன் அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் வாங்கினோம். பேரூராட்சி நடத்தும் நிகழ்ச்சியில் யார் பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் அதில் தலையிட்டால் வீண் மனத்தாங்கல்.

சுத்தம் செய்யும் வேலையைப் பேரூராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் மேல் போடக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அவர்களை விருந்தினராக அழைத்து முன் வரிசையில் உட்கார வைத்தோம். பெருக்கித் துடைத்தது வட்டத்துக்காரர்கள்.

நிகழ்ச்சி எளிமையானது. தலைவர் தீர்மானத்தைப் படித்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் 1930-ல் கலெக்டர் போட்ட தடையின் சாரத்தை எழுந்து நின்று வாசித்தாள். இது வேண்டுமா என்று முதலில் சிலர் தயங்கினார்கள். ஆனால் அதைக் கேட்டால்தான் சோறு கட்டியவர்கள் எதைப் பணயம் வைத்தார்கள் என்று புரியும். சட்டப்பிரிவையும் தண்டனையையும் அவள் சொல்லும்போது கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “சோத்துக்கா ஆறு மாசம்?” என்று உரக்கவே கேட்டார். பிறகு அவரே பேசினார், அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை. விவசாயத் தொழிலாளி. பாட்டி சொன்னதைச் சொன்னார். அது நோட்டில் இருக்கிறது, இங்கே எழுத மாட்டேன். மற்ற பேச்சுகள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வளாகத்துப் புங்கை மரத்தில் வாழையிலைப் பொட்டலங்களில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வெளியே வந்தவர்கள் எட்டிப் பறித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள் வரி கட்ட வந்தவர்களும் சாப்பிட்டார்கள்.

கிராம ஊராட்சிகளில் இதை நடத்த நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எங்களுடையது பேரூராட்சி, 2022-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது. டெல்டா மாவட்டங்களின் கிராம ஊராட்சி மன்றங்களுக்கு 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தனி அலுவலர் இருக்கும்போது மன்றத் தீர்மானத்தின் இடத்தில் அவருடைய உத்தரவு நிற்கும். அப்போதும் கிராம சபை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபையில் வாக்காளர் யாரும் எழுந்து பேசலாம். ஏப்ரல் நிகழ்ச்சி என்றால் ஜனவரி 26 சபையில் தீர்மானமாகப் போட்டு, அதன் நகலோடு தனி அலுவலரிடம் போங்கள். ஊரே சேர்ந்து கேட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை. தீர்மானம் பதிவேட்டில் எழுதப்படும் வரை சபையை விட்டு எழுந்து வராதீர்கள், கையெழுத்துப் போடும் முன் வாசகத்தைப் படித்துப் பாருங்கள்.

நகராட்சியில் நடைமுறை ஏறக்குறைய இதேதான், செயல் அலுவலருக்குப் பதில் ஆணையர். கூட்டத்துக்கு வரும் பொருள்கள் அங்கே அதிகம் என்பதால் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

2026 சட்டமன்றத் தேர்தல் ஆண்டு என்பதால், அந்த ஏப்ரலுக்கான மனுவை 2025 நவம்பரிலேயே கொடுத்தோம். தேர்தல் அறிவிப்புக்கு முன்பே தீர்மானம் ஆகிவிட வேண்டும் என்பது எண்ணம். தீர்மானம் ஆகியும் நடத்தை விதியால் கூடம் கிடைக்காமல் போனால், உளுந்து காய்ந்துகொண்டிருந்த அந்தத் திண்ணையில் நடத்திக்கொள்ளலாம் என்று அந்த வீட்டு உறுப்பினர் சொல்லியிருக்கிறார். சொந்த வீடு, அனுமதி அவர் கையில். ஆனால் தீர்மான நகலை அங்கே கொண்டுவந்து படிக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.